‘போ’ என்கிற சிலந்தி

தீப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? குச்சி இருக்கிற தீப்பெட்டி இல்லை. பொன்வண்டு இருக்கிற தீப்பெட்டி.

பாகூர், சேலியமேடு, குருவிநத்தம் பக்கம் வளர்ந்தவர்களில் நாற்பதைத் தாண்டியவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மழை விழுந்து ஏரிக்கரை வேலமரம் துளிர்விட்டதும் பொன்வண்டு வந்துவிடும். பச்சையா, நீலமா, தங்கமா என்று சொல்லமுடியாத ஒரு பளபளப்பு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பிடித்து, நாலு வேலம் இலையோடு தீப்பெட்டியில் அடைத்து, மூச்சுவிட ஊசியால் இரண்டு ஓட்டை போட்டு டிராயர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் அன்றைக்கு அந்தப் பையன்தான் வகுப்புக்கு ராஜா. வண்டு முட்டை வைத்துவிட்டால் மகாராஜா. நூல் கட்டிப் பறக்கவிட்டால் ‘விர்ர்’ரென்று வட்டமடிக்கும். பெட்டிக்குள் போட்டால் ‘கிரிச்... கிரிச்’ என்று சுரண்டும். அதைத்தான் காதில் வைத்துக் கேட்பது. பொன்வண்டுக்கென்று பெரிசாக ஒரு குரல் கிடையாது. அது தீப்பெட்டி கொடுத்த குரல்.

புழுவாக மண்ணுக்கடியில் வேரைத் தின்றுகொண்டு நெடுநாள் கிடந்து, இறக்கை முளைத்து மேலே வந்து அது வாழ்வது சில வாரங்கள்தான். அதில் எத்தனை நாள் பாக்கெட்டில் போயிற்று என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

இப்போது எதற்குப் பொன்வண்டு என்றால், வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற அவர் மகன் ஒரு டாரன்டுலா வளர்க்கிறானாம். உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் மயிர், எட்டுக் கால். பிளாஸ்டிக் டப்பாவில் தென்னைநார்த் தூள் போட்டு, ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்து அதில் குடிவைத்திருக்கிறான். சாப்பாட்டுக்கு உயிரோடு வெட்டுக்கிளி, சுவர்க்கோழி. சுவர்க்கோழிகளுக்குத் தனி டப்பா. அவை ராத்திரி முழுக்கக் கத்துவதில் பெரியவருக்குத் தூக்கம் இல்லை. ஆனால், அவருடைய புகார் அதுவல்ல.

சிநேகிதர்கள் வந்தால் பையன் ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துச் சிலந்தியை லேசாகச் சீண்டுவான். அது முன்கால்களைத் தூக்கி நிமிர்ந்து, ‘உஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம் போடும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருத்தன் செல்போனில் பிடிப்பான். சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை. “அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இது பாவமில்லையா என்று கேட்டேன். சிரிக்கிறான். நான் சொல்வது சரியா, அவன் சொல்வது சரியா?” என்று எழுதியிருக்கிறார்.

பையன் சிரித்துவிட்டுச் சொன்ன பதில்களையும் நேர்மையாக எழுதியிருக்கிறார். அதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம். ஒன்று: “அது பூச்சிப்பா, அதுக்கு ஒண்ணும் தெரியாது.” இரண்டு: “நீங்க பொன்வண்டு வளர்க்கலையா?” மூன்று: “ஞாயித்துக்கிழமை நண்டு ரசம் யாரு குடிச்சது?”

மூன்றும் லேசுப்பட்ட கேள்விகள் இல்லை. ஆனால், பாவபுண்ணியத்துக்குப் போகுமுன் அந்த ‘உஸ்’ என்ன என்று பார்த்துவிடலாம். ஒருத்தன் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் அவன் வழக்கில் தீர்ப்புச் சொல்லக்கூடாது இல்லையா?

முதுகெலும்பில்லாத சின்ன உயிர்களில் நம் காதுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுபவற்றை எடுத்துக்கொண்டால், சொல்ல வருவது அநேகமாக இரண்டே சொற்கள். ‘வா’, இல்லாவிட்டால் ‘போ’.

‘வா’ என்பது சுவர்க்கோழி. ஆண் மட்டும்தான் பாடும். ஒரு முன்னிறக்கையில் அரம் மாதிரி பல்வரிசை, மற்றதில் அதைச் சுரண்ட ஒரு விளிம்பு. இரண்டையும் தேய்த்தால் பாட்டு. கேட்கிற காது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. பிள்ளைப்பூச்சியும் இந்தக் குடும்பம்தான். “பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தது போல” என்று பழமொழி சொல்லி அதை அப்பாவியாக்கி வைத்திருக்கிறோம். அதன் உறவில் சில இனங்கள் ஈரமண்ணில் கொம்புவாத்தியத்தின் வாய் போல விரிகிற வளை தோண்டி, உள்ளே உட்கார்ந்து பாடுகின்றன. வளை சத்தத்தைப் பெரிசாக்கி வெளியே அனுப்புகிறது. எந்த என்ஜினீயரிங் காலேஜிலும் படிக்காத ஸ்பீக்கர் வேலை.

தென்னிந்தியாவில் மரச்சுவர்க்கோழி ஒன்று உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவர் மாணவர்களும் பல வருஷமாக இதன் பாட்டைக் கேட்டுவருகிறார்கள். இதில் சில ஆண்கள் ஓர் இலையின் நடுவில் தன் அளவுக்குச் சரியாக ஓட்டை கடித்து, அதில் உடம்பை நுழைத்துக்கொண்டு, இலையையே ஒலிபெருக்கியாக்கிப் பாடும். எல்லா ஆணும் இப்படிச் செய்வதில்லை. சின்ன உடம்பும் மெலிந்த குரலும் உள்ளவைதான் அதிகம் செய்கின்றன என்று 2020-ல் எழுதினார்கள். இலைக்குள் நின்று கத்தினால் பெரிய ஆள் மாதிரி கேட்கும். பெண்ணும் நம்பி வந்துவிடும். இதை மோசடி என்பதா, முயற்சி திருவினையாக்கும் என்பதா, உங்கள் இஷ்டம்.

‘வா’ என்று கூப்பிடுவதற்கு ஒரு விலையும் உண்டு. கூப்பிட்டவள் மட்டும் வருவதில்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் ஒருவகை ஈ இருக்கிறது. சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டே அதைத் தேடி வந்து மேலே தன் குஞ்சுப்புழுக்களைப் போட்டுவிடும். புழு உள்ளே புகுந்து ஆளை உயிரோடு தின்றுவிடும். தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள் இல்லையா, அதேதான். மார்லீன் ஸுக் என்கிற ஆராய்ச்சியாளர் 2006-ல் எழுதிய செய்தி இது: 20 தலைமுறைக்குள்ளாகவே அந்தத் தீவு ஆண்களில் மிகப் பெரும்பாலானவை பல்லில்லாத இறக்கையோடு, அதாவது ஊமையாகப் பிறக்க ஆரம்பித்துவிட்டன. பாட்டை விட்டால் உயிர் தப்பலாம். பாட்டை விட்டால் கல்யாணம் எப்படி? மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பாடகர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. பாட்டைக் கேட்டு வருகிறவள் வழியில் இவனைப் பார்ப்பாள்.

சில்வண்டும் ‘வா’ கட்சிதான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை என்பதால் ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை. ழான் ஹென்றி ஃபாப்ர் (1823-1915) பூச்சிகளைப் பற்றிப் பத்து பாகம் எழுதியவர். தோட்டத்து மரத்தில் சில்வண்டுகள் காது கிழியக் கத்துவதைப் பார்த்து, இவற்றுக்குக் காது கேட்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஊர்த்திருவிழாவில் வெடிக்கிற வேட்டுக்குழாய் இரண்டை வாங்கிவந்து மருந்து கெட்டித்து மரத்தடியில் வெடித்தார். ஜன்னல் கண்ணாடி உடையக்கூடாது என்று எல்லாவற்றையும் முன்னாடியே திறந்துவைத்தாராம். டமார்! மேலே பாட்டு அட்சரம் பிசகாமல் தொடர்ந்தது. இதற்குக் காது மந்தம் என்று முடிவு கட்டினார். பிற்பாடு வந்தவர்கள், சில்வண்டின் வயிற்றில் நல்ல காதே இருக்கிறது, அது தன் இனத்தின் சுருதிக்குத் திருப்பி வைத்திருக்கிறது, பாடும்போது தன் சத்தத்தால் தன் காதே கெடாமல் அதைத் தளர்த்திக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது, உங்கள் பீரங்கி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது பேசுவது உங்களிடம் இல்லை.

இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். சுவர்க்கோழி, சில்வண்டு இரண்டும் பேசுவது நம்மிடம் இல்லை. நாம் ஒட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான். ஒட்டுக் கேட்டுவிட்டு ‘ஆஹா, ரீங்காரம்’ என்று கவிதை எழுதினால் அவற்றுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சிலந்தி விஷயம் வேறே.

டாரன்டுலா என்ற பெயரிலேயே இசை இருக்கிறது. தெற்கு இத்தாலியில் தாரந்தோ என்று ஒரு ஊர். அங்கே சிலந்தி கடித்தால் ஆடித்தான் விஷத்தை இறக்கவேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கென்றே ஒரு வேகமான ஆட்டமும் பாட்டும் இருந்தன. அந்த ஊர்ச் சிலந்தி வேறு சாதி. பெயர் மட்டும் கப்பலேறிப் போய்ப் பெரிய மயிர்ச்சிலந்திகளுக்கு ஒட்டிக்கொண்டது. நம்மிடமும் சொந்தமாக உண்டு. மரப்பொந்தில் வாழ்கிற ஒரு பேரினத்தை இலங்கைத் தமிழர் புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். எவ்வளவு நல்ல பெயர்!

இவை சத்தம் போடும் என்று உலகத்துக்குத் தெரியவந்ததில் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1870-களில் அஸ்ஸாமில் சிப்சாகர் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த பீல் என்பவர், பெரிய சிலந்தி ஒன்று கோபம் வந்து நிமிர்ந்தபோது அதிலிருந்து சத்தம் வருவதைக் கவனித்தார். கல்கத்தா மியூசியத்தில் இருந்த உட்மேசன் அதை ஆராய்ந்து அறிவியல் உலகத்துக்கு அறிவித்தார். கோரைப்பல்லின் அடிப்பாகத்துக்கும் அதை ஒட்டியிருக்கிற கைபோன்ற உறுப்புக்கும் நடுவே கெட்டியான முள்மயிர்கள். இரண்டும் உரசினால், சீப்புப் பல்லில் நகத்தை ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தென் அமெரிக்காவின் ராட்சதச் சிலந்தி கால்மயிர்களை உரசிப் போடுகிற சீறல் சில மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கும்.

அஸ்ஸாம் சிலந்தியில் கவனிக்கவேண்டியது, அந்த உறுப்பு ஆண், பெண் இரண்டுக்குமே இருந்தது. எனவே இது காதல் பாட்டு இல்லை. சிலந்திக்கு நம் மாதிரி காதும் இல்லை. கால்களில் உள்ள நுண்மயிர்களாலும் மெல்லிய கீறல்களாலும் அதிர்வை உணர்கிறது. (தாவும் சிலந்தி ஒன்று அறைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஒலியைக்கூட உணர்கிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2016-ல் காட்டினார்கள். ஆகவே ‘செவிடு’ என்று ஒரேயடியாகச் சொல்லவேண்டாம்.) ஆனால், இந்தச் சீறல் இன்னொரு சிலந்திக்காக ஏற்பட்டது இல்லை என்பதில் பெரிய தகராறு இல்லை. யாருக்கு ஏற்பட்டது? காது உள்ளவனுக்கு. மூக்கை நீட்டுகிற கீரிக்கு, கொத்த வருகிற பறவைக்கு, பிரஷ்ஷை நீட்டுகிற பையனுக்கு. நல்லபாம்பு சீறுவது போலத்தான். பாம்பு சீறினால் நாம் உடனே கேட்கிறோம், ஏனென்றால் விஷம். சிலந்தி சீறினால் கைதட்டுகிறோம்.

என்ன வேடிக்கை பாருங்கள். பூச்சியுலகம் முழுக்க யார் யாரோடோ பேசிக்கொள்கிறது. நம்மைப் பார்த்து, நமக்குப் புரியவேண்டும் என்றே ஏற்பட்ட சொல் ஒன்றே ஒன்று. ‘போ.’ அதைத்தான் நாம் ‘இன்னொரு தடவை சொல்லு’ என்கிறோம்.

இனி பையனின் கேள்விகள்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது.” தம்பி, இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத காலத்துக்கு வந்துவிட்டோம். 2022-ல் பிரிட்டனில் போட்ட சட்டம் நண்டு, இறால், ஆக்டோபஸ் எல்லாவற்றையும் உணர்வுள்ள ஜீவன்கள் பட்டியலில் சேர்த்தது. சிலந்தியும் பூச்சியும் அதில் இல்லை. அதே வருஷம் லண்டனில், கூலியாக எதுவும் கிடைக்காவிட்டாலும் சும்மா ஒரு குட்டிப் பந்தை உருட்டிக்கொண்டே இருக்கிற வண்டுத்தேனீக்களைப் பற்றி எழுதினார்கள். விளையாட்டு என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் பல விஞ்ஞானிகளும் தத்துவக்காரர்களும் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். பூச்சிகளுக்கும் அனுபவம் என்று ஒன்று இருக்க நிஜமாகவே வாய்ப்பிருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது சாரம். இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லிவிடாதே என்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. சிலந்திக்கு வலிக்கிறதா, அவமானமாக இருக்கிறதா என்பது தெரிந்தபிறகுதான் பிரஷ்ஷைக் கீழே வைப்பேன் என்பது கெட்டிக்கார வாதம், நல்ல வாதம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் சந்தேகம். வெளியே சொல்வதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து ‘தயவுபண்ணி மணியடிக்காதீங்க’ என்றால், அவர் மனசு எவ்வளவு நோகிறது என்று அளந்து பார்த்துவிட்டா நிறுத்துவோம்?

இன்னொன்று. நமக்கு இரக்கம் வருவதே குரலைப் பொறுத்துத்தான். பூனைக்குட்டி கத்தினால் கைக்குழந்தை மாதிரி இருக்கிறது, ஓடுகிறோம். மீன் வாயைத் திறந்து மூடுகிறது, சத்தமில்லை, கூடையில் போடுகிறோம். மனுநீதிச் சோழன் கதையிலேயே கன்றை இழந்த பசு இழுக்க ஒரு ஆராய்ச்சி மணி இருந்தது. மணி அடித்ததால் ராஜா வந்தான். மணி இல்லாத ஜீவன் என்ன செய்யும்? இந்தச் சிலந்தி பாவம், தன் பல்லோரத்து மயிரையே மணியாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவருக்கு அடிவயிறு கலங்கியது அந்த மணி காதில் விழுந்ததால்தான் என்று நினைக்கிறேன். பையனுக்கும் விழுகிறது. ரிங்டோனாக விழுகிறது.

“நீங்க பொன்வண்டு வளர்க்கலையா?” இதற்கு முதலில் சட்டம். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் மனிதரைத் தவிர எந்த உயிருள்ள ஜீவனும் என்று விளக்கம் போட்டிருக்கிறது. யானையும் அதில் உண்டு, பொன்வண்டும் உண்டு. நடமாடப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டிலோ பெட்டியிலோ விலங்கை அடைத்துவைத்தால் குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தீப்பெட்டியின் நீள அகலம் உங்களுக்கே தெரியும். கறாராகப் பார்த்தால் பாகூர் கொம்யூனில் முக்கால்வாசிப் பேர் மேல் கேஸ் போடலாம்.

சட்டம் கிடக்கட்டும். பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறதா? பாதி இருக்கிறது. எட்டு வயசுப் பையன் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டபோது, அந்தச் சுரண்டல் ‘திற’ என்று அவனுக்குப் புரியவில்லை. வண்டு தன்னோடு பேசுகிறது என்றே நினைத்தான். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தால் அசைவில்லை. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்து இரண்டு பூவும் வைத்தான். இருபது வயசுக்காரனுக்கு அந்த அறியாமை என்ற சலுகை கிடைக்காது. அவனே சொல்கிறானாம், ‘கோபம் வந்தா இப்படித்தான் பண்ணும்பா’ என்று. கோபம் என்று தெரிந்தே சீண்டுகிறான்.

அவன் பக்கம் பேச நியாயமான வார்த்தை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். டாரன்டுலா காட்டிலும் ஊர்சுற்றுகிற பிராணி இல்லை. ஒரு வளை, ஒரு பொந்து, வாசலில் உட்கார்ந்து வருகிறதைப் பிடித்துத் தின்பது, அவ்வளவுதான் அதன் உலகம். சரியான ஈரம், சூடு, ஒளிய இடம், சாப்பாடு எல்லாம் கிடைத்து, டப்பாவிலேயே பிறந்து வளர்ந்த ஒன்றுக்கு அந்த வாழ்க்கை நரகம் என்று சாதிக்க என்னால் முடியாது. கிளியைக் கூண்டில் வைப்பதைவிட இது குறைந்த குற்றம் என்றே படுகிறது. வளர்ப்பவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிலந்தியின் சீறலைக் கேட்டாலே ‘நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம்’ என்று மூடியைப் போட்டுவிடுவார்கள்.

ஆனால், அது டப்பாவுக்கு எப்படி வந்தது என்பதையும் கேட்கவேண்டும். 2021 ஜூலையில் சென்னையில் சுங்க இலாகா ஒரு தபால் பார்சலைப் பிரித்தது. போலந்திலிருந்து விருதுநகர் மாவட்டத்து முகவரி ஒன்றுக்கு வந்த தெர்மோகோல் பெட்டி. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 குட்டி பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. அமெரிக்கக் கண்டத்து இனங்கள். வந்த வழியே திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரர்களிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த 107-க்கும் ‘போ’ என்று சொல்லக்கூட இடமில்லை.

நம் ஊர்ச் சரக்கு எதிர்த்திசையில் போகிறது. ஆந்திரத்தில் குத்தி என்ற ரயில் சந்திப்பில், மரக்கட்டைகளுக்கு நடுவில் கிடைத்த நீலநிறச் சிலந்தியை போகாக் என்பவர் 1899-ல் விவரித்தார். அப்புறம் 100 வருஷம் ஆள் அகப்படவில்லை. 2001-ல் நந்தியால், கித்தலூர் நடுவே காட்டில் மறுபடி பார்த்தார்கள். காட்டில் அதற்கு மிச்சமிருப்பது 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு அலமாரிகளில் ஏராளம். இராமேசுவரத்தில் அனுமன் கோயில் பேரையே வைத்து 2004-ல் அறிமுகமான சிலந்திக்கும் அழிவின் விளிம்பு என்றே முத்திரை. 2019-ல் இந்தப் புலிமுகப் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வனவிலங்குச் சட்டம் 2022-ல் அந்தப் பட்டியலையே தனக்குள் இழுத்துக்கொண்டது. பட்டியலிலுள்ள வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்யவேண்டும் என்று 2024-ல் விதியும் வந்தது. பெரியவர் பையனிடம் முதலில் கேட்கவேண்டியது பாவபுண்ணியம் இல்லை, ‘இது என்ன இனம், பில் எங்கே’ என்பதுதான்.

அடுத்து நண்டு ரசம். இதுதான் கஷ்டமான கேள்வி. நழுவமாட்டேன். கழனியில் பிடித்த நண்டை உரலில் இடிக்கிறோம், கொதிக்கிற தண்ணீரில் போடுகிறோம். சட்டியில் கேட்கிற சத்தம் கதறல் இல்லை, ஓட்டுக்குள்ளிருந்து ஆவி வெளியேறுகிற சத்தம், நண்டுக்குக் குரல்வளை கிடையாது என்று அறிவியல் சொல்லும். ஆனால், குரல்வளை இல்லாததால் பேசத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் குறுக்கே ஓடுகிறதே, அந்தக் குழிநண்டின் அமெரிக்க உறவுக்காரன் ஒன்று இரையை அரைக்கிற வயிற்றுப்பல்லைக் கடித்தே உறுமுகிறது என்று 2019-ல் கண்டுபிடித்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு எதிரியை மிரட்டும்போது வயிற்றால் ‘போ’ சொல்கிறது.

ஆகவே பையன் சொல்வது உண்மை. அப்பாவின் இரக்கம் டப்பாவுக்கு உண்டு, சட்டிக்கு இல்லை. அதற்காக டப்பாவுக்கு உண்டானதும் பொய்யாகிவிடுமா? எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறவன்தான் ஓரிடத்தில் வாய் திறக்கலாம் என்று வைத்தால் உலகத்தில் யாருமே யாருக்கும் பரிந்து பேச முடியாது. அப்பாவை மடக்கக் கேட்ட கேள்வி அது. நண்டுக்காகக் கேட்டது இல்லை. நண்டுக்காக என்றால் அவன் ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்திருக்கக்கூடாது. (எடுத்தானா என்று பெரியவர் எழுதவில்லை. எனக்கு ஒரு யூகம் உண்டு.)

சிறு உயிரின் குரலை வீட்டில் வைத்துக் கேட்பது இன்றைய பழக்கம் இல்லை. சீனத்தில் சுரைக்குடுக்கையில் சுவர்க்கோழி வளர்த்தார்கள், ஜப்பானில் அதற்கென்றே மூங்கில் கூண்டு விற்றார்கள். ஜப்பானில் குடியேறிய லாஃப்கேடியோ ஹேர்ன் என்ற எழுத்தாளர் 1902-ல் இப்படி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கொசு அளவுள்ள பூச்சி, கட்டைவிரல் உயரக் கூண்டு. கடையில் முட்டையிலிருந்தே வளர்த்தது. ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ராத்திரி ராத்திரி ‘வா’ என்று பாடியது. வழக்கமாகத் தீனி வைக்கிற அவர் மாணவர் வெளியூர் போயிருந்த சமயம் வீட்டில் தீனி வைக்காமல் விட்டுவிட்டார்கள். பல நாள் பாடிவிட்டுச் செத்துக் கிடந்தது. பார்த்தால், பசியில் தன் கால்களையே தின்றிருந்தது. அதுவரை பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதன் நம் அகநானூற்றில், நாலாம் பாட்டில் இருக்கிறான். குறுங்குடி மருதனார் பாடியது. வினை முடித்து மனைவியைப் பார்க்கத் தேரில் வேகமாக வருகிறான். கார்காலம், காடெல்லாம் பூ. பூவில் துணையோடு தேன் குடிக்கிற வண்டுகள் தேர்மணிச் சத்தத்தில் மிரண்டுவிடக்கூடாதே என்று மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டிவருகிறான். வண்டுக்கு வலிக்குமா, அதற்கு நரம்பு எத்தனை என்றெல்லாம் அவன் கேட்டதாகத் தெரியவில்லை. அவனும் கறி தின்கிறவனாகத்தான் இருந்திருப்பான். அவசரத்திலும் அவனுக்கு மணியின் நாக்கைக் கட்டத் தோன்றியது.

பெரியவருக்கு எழுதிய பதிலை இங்கேயும் தருகிறேன். உங்களில் சிலர் வீட்டிலும் டப்பா இருக்கலாம்.

ஐயா, அதைத் தூக்கி வெளியே விடச் சொல்லாதீர்கள். ஊசுடு ஏரிக்கரையிலோ சங்கராபரணி ஓரத்திலோ கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று தோன்றும். எந்தக் கண்டத்திலிருந்து வந்ததோ, இங்கே பிழைத்தால் நம் ஊர்ச் சிலந்திக்கு ஆபத்து, பிழைக்காவிட்டால் அதற்கு ஆபத்து. யாராவது பார்த்தால் செருப்பு. ஆகவே, அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிரஷ்ஷை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘பாவம்’ என்று சொல்லி வாங்காதீர்கள், சிரிப்பான். ‘அது உன்னைப் போகச் சொல்லுதுப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். டப்பாவைப் பகலில் இருட்டான மூலையில் வைக்கச் சொல்லுங்கள். சுவர்க்கோழி டப்பாவைக் கூடத்தில் வைக்காமல் கொல்லைப்பக்கம் வைத்தால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

ஒன்று மட்டும் அவனிடம் விசாரித்து எழுதுங்கள்: ஆணா, பெண்ணா? ஆண் என்றால் வயசுக்கு வந்தபின் ஒன்றிரண்டு வருஷம். பெண் என்றால் 12, 15, சில இனங்களில் 20 வருஷத்துக்கு மேலும் இருக்கும். பையன் படிப்பு முடிந்து சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விடுவான். அப்புறம் சாயங்காலம் வயல் வரப்பில் குனிந்து வெட்டுக்கிளி பிடித்துவரப் போவது நீங்கள்தான்.